சளி வைரஸ் எதைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் ஏறுகிறது?

கேள்வி சுருக்கமாக இது: சளி பிடிக்கும்போது வைரஸ் மூக்கிலுள்ள செல்லின் சவ்வில் எப்படி ஒட்டுகிறது, ஒட்டியதும் நேராக உள்ளே போய்விடுமா, ஒட்டவே விடாமல் செய்யும் மருந்து ஏன் இன்னும் வரவில்லை? மூன்றாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வரிசையாகவே போகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கேள்வியிலேயே ஒரு சின்னத் திருத்தம். சளி வைரஸ்கள் ஒட்டுவது சவ்வில் அல்ல என்று சொன்னால் மிகையாகாது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வு சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு கொழுப்புப் படலம். அந்தப் படலத்தில் ஒரு முனையை ஊன்றிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள் ஏராளம். அந்தப் புரதங்களின் மேலும் கொழுப்புகளின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. வயலில் மண் கண்ணுக்குத் தெரியாமல் நாற்று அடர்ந்து நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வரும் எதுவும் முதலில் நாற்றைத்தான் தொடும், மண்ணை அல்ல. வைரஸ் பிடித்துக்கொள்வதும் இந்த நாற்றுகளில் ஏதோ ஒன்றைத்தான். அதைத்தான் ஏற்பி என்கிறோம்.

அந்தப் பெயர்மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஏற்பி என்றதும், வைரஸை ஏற்றுக்கொள்ளவென்றே செல் ஒன்றை வாசலில் வைத்திருப்பது போலத் தோன்றிவிடுகிறது. எந்தச் செல்லும் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு ஏற்பிக்கும் உடம்பில் வேறு ஒரு சொந்த வேலை இருக்கிறது. வேறு எதற்கோ வைத்திருக்கும் கைப்பிடியை வைரஸ் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். இது பிறகு மருந்து பற்றிப் பேசும்போது முக்கியமாகும்.

இன்னொரு விஷயம். சளி என்பது ஒரு வைரஸின் பெயர் கிடையாது. மூக்கு ஒழுகுதல், தும்மல், தொண்டைக் கரகரப்பு என்று ஒரே மாதிரியான தொந்தரவு தரும் பல குடும்பத்து வைரஸ்களுக்குச் சேர்த்து நாம் வைத்த பெயர் அது. பெரியவர்களுக்கு வரும் சளியில் ஏறத்தாழ பாதிக்கு ரைனோவைரஸ்கள் காரணம். அவற்றிலேயே 160-க்கும் மேற்பட்ட வகைகள். அப்புறம் நான்கு பழைய கொரோனா வைரஸ்கள், அடினோவைரஸ்கள், ஆர்எஸ்வி, பாராஇன்ஃப்ளுயன்சா என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு குடும்பமும் பிடிக்கும் கைப்பிடி வேறு. பெரும்பங்கு ரைனோவைரஸுக்கு என்பதால் பதிலிலும் பெரும்பங்கு அதற்கே.

அளவு மனத்தில் பதிந்தால் மற்றதெல்லாம் எளிது. ரைனோவைரஸின் விட்டம் சுமார் 30 நானோமீட்டர். மூக்கின் உட்புறச் செல் ஒன்று 10 மைக்ரான் என்று வைத்தால், செல் மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு அறையானால் வைரஸ் ஒரு பட்டாணி. அந்தப் பட்டாணிக்குக் கண் இல்லை, கால் இல்லை, வால் இல்லை. எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியாது. மூச்சுக்காற்றோடு வந்தோ, விரலிலிருந்து மூக்குக்கோ கண்ணுக்கோ மாறியோ ஈரத்தில் விழுகிறது. கண்ணில் விழுந்தாலும் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு வந்துவிடும். அதன் பிறகு நீர் மூலக்கூறுகள் மோதும் பக்கமெல்லாம் தள்ளாடுகிறது. வைரஸ் செல்லைத் தேடிப் போய்த் தாக்குகிறது என்று எழுதுவது வழக்கம், நானும் சோம்பலில் எழுதியிருக்கிறேன். நடப்பது தற்செயலான மோதல்தான்.

அந்த மோதலும் எளிதில் நடக்காது. செல்லுக்கு மேலே கோழை மூடியிருக்கிறது. அந்தக் கோழையைச் செல்களின் மேலுள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. விழுந்த வைரஸ்களில் நிறைய இப்படியே தொண்டைக்குப் போய், விழுங்கப்பட்டு, வயிற்று அமிலத்தில் முடிந்துபோகும். ரைனோவைரஸுக்கு அமிலம் ஆகாது. கோழையைத் தாண்டிச் செல்லின் மேற்பரப்பைத் தொட்டவற்றுக்கும், தொட்ட இடத்தில் சரியான புரதம் இருந்தால்தான் வாய்ப்பு.

சரி, எந்தப் புரதம்? ரைனோவைரஸ் ஏ, பி, சி என்று மூன்று இனங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏ இனத்தில் பெரும்பாலானவையும் பி இனம் முழுவதும் பிடிப்பது ஐகேம்-1 என்ற புரதத்தை. 1989-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இதைக் கண்டுபிடித்தன. ஐகேம்-1 ஐந்து மணிகள் கோத்த ஒரு குச்சி போல இருக்கும், சுமார் 19 நானோமீட்டர் நீளம், நடுவில் லேசான வளைவு. வைரஸின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளம் என்பதைக் கவனியுங்கள். பட்டாணிக்கு முன்னால் அது ஒரு சின்னக் கழி. அதன் சொந்த வேலை என்னவென்றால், ரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களை, தொந்தரவு உள்ள இடத்தில் பிடித்து நிறுத்துவது. வெள்ளையணுவின் மேலுள்ள ஒரு புரதம் இந்தக் குச்சியின் நுனி மணியைப் பற்றிக்கொள்ளும். ரைனோவைரஸ் பற்றுவதும் அதே நுனி மணியை. மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுக்களும் இதே ஐகேம்-1-ஐப் பிடித்துக்கொண்டு ரத்தக் குழாய்ச் சுவரில் தங்குகின்றன. ஒரு குச்சிக்கு எத்தனை கைகள்!

இதில் வைரஸுக்கு ஒரு கூடுதல் லாபம். மூக்கின் செல்களில் சாதாரண நாளில் ஐகேம்-1 அதிகம் இருக்காது. தொற்று தொடங்கி வீக்கம் ஏற்பட்டதும், வெள்ளையணுக்களை வரவழைப்பதற்காகச் செல்கள் ஐகேம்-1-ஐக் கூடுதலாக வெளியே நீட்டுகின்றன. உதவிக்கு ஆள் கூப்பிட நீட்டிய கையையே வைரஸ் பிடித்து ஏறுகிறது.

இப்போது வைரஸின் பக்கம். ரைனோவைரஸின் ஓடு விபி1, விபி2, விபி3, விபி4 என்ற நான்கு புரதங்களால் ஆனது. ஒவ்வொன்றிலும் 60 பிரதிகள். முதல் மூன்றும் வெளியே தெரியும், விபி4 உட்புறம் ஒட்டியிருக்கும். எல்லாம் சேர்ந்து இருபது முகமுள்ள ஒரு பந்து. 1985-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மனின் குழு, ரைனோவைரஸ் 14-ஐப் படிகமாக்கி எக்ஸ்ரே மூலம் அதன் அணுக்கள் இருக்கும் இடத்தை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தது. விலங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸை அந்த நுணுக்கத்தில் பார்த்தது அதுவே முதல் முறை. பார்த்தால், பந்தின் 12 முனைகள் ஒவ்வொன்றிலும் ஒரு மேடு, அந்த மேட்டைச் சுற்றி ஒரு அகழி. கோட்டையைச் சுற்றியுள்ள அகழி போலவே. ஆழம் சுமார் 2 நானோமீட்டர்.

அகழியைப் பார்த்ததும் ராஸ்மனுக்கு ஒரு யோசனை வந்தது. வைரஸ் தன் பிடிமானப் புள்ளியை அகழியின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறது என்றார். ஏற்பியின் நுனி ஒல்லி, உள்ளே நுழையும். நம் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடியின் நுனி அகலம், நுழையாது. அதனால் ஆன்டிபாடிகள் அகழியின் கரைகளை மட்டும் தொடும். கரைகளை வைரஸ் இஷ்டம் போல மாற்றிக்கொள்ளலாம், அடியை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம். அப்போது ஏற்பி எது என்றே தெரியாது! நான்கு ஆண்டு கழித்து ஐகேம்-1 பிடிபட்டது. அதன் பின் குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவர் சொன்னபடியே ஐகேம்-1-இன் நுனி மணி அகழிக்குள் இறங்கி நின்றது.

பாதி சரி. மீதிப் பாதி தளர்ந்துபோனது. 1996-இல் ஒரு ஆன்டிபாடி அகழிக்குள் நன்றாகவே இறங்கித் தரையைத் தொடுவது காட்டப்பட்டது. அதனால் ஆன்டிபாடிக்கு எட்டாத ரகசிய இடம் என்ற விளக்கத்தை இன்று யாரும் முழுசாகச் சொல்வதில்லை. பாடப் புத்தகங்களில் இன்னும் பழைய வடிவிலேயே வருகிறது, அதனால் சொன்னேன். அகழியின் இன்னொரு பயன் வேறு இடத்தில் இருக்கிறது, கீழே வருகிறேன்.

பூட்டு, சாவி என்ற உவமையை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். பொருத்தம் என்ற ஒன்றை அது நன்றாகவே விளக்குகிறது. ஆனால் ஒரு சாவி ஒரு பூட்டில் நுழைந்தால் வேலை முடிந்தது. இங்கே அப்படியல்ல. ஒரு ஐகேம்-1, ஒரு அகழிப் புள்ளி என்ற ஒற்றைப் பிடி அவ்வளவு உறுதியானதில்லை, தானாகவே கழன்றுவிடும். எனக்குப் பிடித்த உவமை நாயுருவி. கொல்லைப்புறம் நடந்துவிட்டு வந்தால் வேட்டி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அதன் விதையில் ஒரு முள் மட்டும் துணியில் மாட்டியிருந்தால் உதறினால் விழுந்துவிடும். நான்கைந்து முள் மாட்டிவிட்டால் உட்கார்ந்து பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். ரைனோவைரஸின் பந்தில் பிடிக்கும் இடங்கள் 60. முதல் பிடி விழுந்ததும், பந்து அந்த இடத்திலேயே சற்றுத் தங்குகிறது. செல்லின் சவ்வு இறுகிய தரை இல்லை, எண்ணெய்ப் படலம் போல நெகிழ்வது. அதில் ஊன்றியிருக்கும் ஐகேம்-1 குச்சிகள் மிதந்து நகரும். நகர்ந்து வரும் இரண்டாவது குச்சியும் மாட்டும், மூன்றாவதும் மாட்டும். ஒன்று கழன்றாலும் மற்றவை பிடித்திருக்கும், அதற்குள் கழன்றது மறுபடி மாட்டிக்கொள்ளும். சவ்வுக்கு இதில் உண்மையான பங்கு இதுதான்: வைரஸ் சவ்வில் ஒட்டுவதில்லை, ஆனால் சவ்வின் நெகிழ்ச்சி இல்லாமல் இந்தக் கூட்டுப் பிடி அமையாது.

ஒட்டுவதும் உள்ளே போவதும் வேறு வேறு என்பதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்க முடியும். வைரஸ் ஆய்வில் நுழைகிறவர்களுக்கு முதலில் கற்றுத்தரும் வேலைகளில் ஒன்று இது. தட்டின் அடியில் ஒரு படலமாக வளர்ந்திருக்கும் செல்களைப் பனிக்கட்டியின் மேல் வைப்பார்கள். சூடு 4 டிகிரிக்கு இறங்கியதும் வைரஸ் கலந்த திரவத்தை ஊற்றி ஒரு மணி நேரம் விடுவார்கள். அந்தக் குளிரில் செல் எதையும் உள்ளிழுக்காது. வைரஸின் ஓடும் விறைத்து அசையாமல் இருக்கும். ஆனால் ஒட்டுதல் மட்டும் நடக்கும். பிறகு குளிர்ந்த உப்பு நீரால் மூன்று முறை அலசினால் ஒட்டாத வைரஸெல்லாம் போய்விடும். மெதுவாக அலச வேண்டும். எனக்கு முதல் முறை கை பதறி, பிப்பெட்டை நேராகச் செல்கள்மீது பாய்ச்சினேன், படலம் பாதி உரிந்து மிதந்தது, அன்றைய வேலை போச்சு. ஒழுங்காக அலசிய தட்டை 34 டிகிரி அடுப்புக்குள் வைத்தால், அத்தனை செல்லிலும் கடிகாரத்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டது போலத் தொற்று தொடங்கும். 37 வைக்காமல் 34 வைப்பதற்கும் காரணம் உண்டு. மூக்கின் உட்புறம் உடம்பின் மற்ற பாகங்களைவிடக் குளிர்ச்சி, 33 முதல் 35 டிகிரி. ரைனோவைரஸுக்குப் பழகிய சூடு அதுதான். இங்கிலாந்தில் 1946-இல் சால்ஸ்பரியில் தொடங்கிய சளி ஆய்வு நிலையத்தில் டேவிட் டைரல் குழு இந்த வைரஸ்களை வளர்க்க முடியாமல் பல வருடம் திண்டாடியது. 1960 வாக்கில் சூட்டை 33 டிகிரிக்குக் குறைத்த பிறகுதான் அவை ஒழுங்காக வளர்ந்தன.

இனி ரைனோவைரஸ் குடும்பத்தின் மற்ற இரண்டு பிரிவுகள். ஏ இனத்தில் 12 வகைகள் ஐகேம்-1 பக்கமே போவதில்லை. அவை பிடிப்பது எல்டிஎல் ஏற்பியையும் அதன் உறவுப் புரதங்களையும். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கொலஸ்ட்ரால் பகுதியில் பார்க்கிறோமே, அதே எல்டிஎல்தான். அந்தக் கொழுப்புத் துகளைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ள இருக்கும் கைப்பிடி அது. இந்த வகைகள் அகழியை உபயோகிப்பதும் இல்லை. முனையிலிருக்கும் மேட்டின் மேலேயே ஏற்பி வந்து உட்காருகிறது. ஒரே மாதிரி ஓடு, பிடிக்கும் இடம் மட்டும் வேறு. எலியின் எல்டிஎல் ஏற்பியும் மனிதனுடையதும் நிறைய ஒத்துப்போவதால் இந்த 12 வகைகளும் எலிச் செல்லில் ஏறும். ஐகேம்-1-ஐப் பிடிப்பவை எலியின் ஐகேம்-1-ஐச் சட்டைசெய்வதில்லை. மனித ஐகேம்-1-இன் பகுதியை மரபணு மாற்றத்தால் எலிக்குக் கொடுத்த பிறகுதான் அவற்றை எலியில் ஆராய வழி பிறந்தது.

சி இனத்தின் கதை இன்னும் சுவாரசியம். 2006 வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆய்வகத்தில் வழக்கமாக வளர்க்கும் எந்தச் செல்லிலும் அது வளரவில்லை என்பதுதான் காரணம். மாதிரியிலிருந்த மரபணுத் தொடரை நேரடியாகப் படிக்கும் முறைகள் வந்த பிறகே வெளிப்பட்டது. 2015-இல் விடை கிடைத்தது: அது பிடிப்பது சிடிஎச்ஆர்3 என்ற புரதத்தை. அந்தப் புரதம் நுண்மயிர் உள்ள சுவாசப்பாதைச் செல்களில் இருக்கிறது, ஆய்வகச் செல்கள் அதைத் தயாரிப்பதே இல்லை. இதற்கு முன்பே, சின்னக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா கடுமையாகி மருத்துவமனைக்குப் போகும் அளவு ஆவதற்கும் இதே மரபணுவில் ஒரு மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதை வேறு ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள், வைரஸைப் பற்றி யோசிக்காமலே. 529-ஆவது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருந்தால், அந்தப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு அதிகமாக வந்து நிற்கிறது. கைப்பிடி கூடினால் ஏறும் வைரஸும் கூடும். ஒரே ஒரு அமினோ அமிலம்! சளியைச் சாதாரணம் என்று தள்ளிவிடுபவர்களுக்கு நான் முதலில் காட்டும் உதாரணம் இது.

ஒட்டியாகிவிட்டது. அடுத்து? செல் தன் வழக்கமான முறையில் சவ்வை உள்பக்கமாகக் குழித்து, ஒட்டியிருக்கும் வைரஸோடு சேர்த்து ஒரு பையாகக் கிள்ளி உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதாவது வைரஸ் சவ்வைத் துளைத்துக்கொண்டு வரவில்லை, செல்தான் அள்ளிப் போட்டுக்கொள்கிறது. ஆனால் பைக்குள் இருப்பது இன்னும் வீட்டுக்கு வெளியே இருப்பது மாதிரிதான். சுமார் 7,200 எழுத்துகள் உள்ள அதன் மரபணுத் தொடரான ஆர்என்ஏ ஓட்டைவிட்டு வெளிவந்து, பையின் சுவரையும் தாண்டினால்தான் செல் அதைப் படிக்கும்.

இங்கேதான் அகழிக்கு இரண்டாவது வேலை. அகழியின் தரைக்குச் சரியாகக் கீழே விபி1 புரதத்துக்குள் ஒரு பொந்து இருக்கிறது. பல வகைகளில் அந்தப் பொந்துக்குள் கொழுப்பு அமிலம் போன்ற ஒரு சின்ன மூலக்கூறு ஆப்பு மாதிரி செருகியிருக்கும். அது இருக்கும்வரை ஓடு இறுக்கமாக இருக்கும். ஐகேம்-1 அகழிக்குள் இறங்கித் தரையை அழுத்தினால் பொந்து நசுங்கி, ஆப்பு வெளியேறி, ஓடு தளர்கிறது. விபி4-உம் விபி1-இன் ஒரு முனையும் வெளியே வந்து பையின் சவ்வில் செருகிக்கொள்கின்றன. அங்கே உண்டாகும் துளை வழியாக ஆர்என்ஏ செல்லுக்குள் நழுவுகிறது. ஆக, ஐகேம்-1 பிடித்து நிறுத்துவதோடு திறந்தும் விடுகிறது. எல்டிஎல் ஏற்பியைப் பிடிக்கும் வகைகளுக்கு இந்த உதவி கிடையாது. அவை பைக்குள் அமிலத்தன்மை ஏறும்வரை காத்திருந்து அமிலத்தால் திறக்கின்றன. உங்கள் கேள்வியின் சவ்வு என்ற சொல் உண்மையில் பொருந்துவது இந்தக் கட்டத்துக்குத்தான். சவ்வோடு வைரஸ் நேரடியாகக் கைகலப்பது இங்கேதான். அடுத்த எட்டுப் பத்து மணி நேரத்தில் புதிய வைரஸ்கள் வெளிவரத் தொடங்கும்.

மற்ற குடும்பங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். சளி தரும் பழைய கொரோனா வைரஸ்கள் நான்கு. இவற்றுக்கு ஓட்டுக்குப் பதில் கொழுப்பு உறை, அதில் கூர்முனைப் புரதங்கள் செருகியிருக்கும். 229இ என்பது அமினோபெப்டிடேஸ் என் என்ற நொதியைப் பிடிக்கிறது. என்எல்63 பிடிப்பது ஏசிஇ2-ஐ. ஆமாம், கோவிட் நாட்களில் எல்லோர் வாயிலும் அடிபட்ட அதே ஏசிஇ2. ஒரே கைப்பிடியைப் பிடிக்கும் ஒன்று பெரும்பாலும் மூக்கொழுகலோடு போகிறது, இன்னொன்று நுரையீரலையே படுக்கவைத்தது. ஏற்பியை வைத்து மட்டும் நோயின் கடுமையைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஓசி43, எச்கேயு1 இரண்டும் முதலில் பிடிப்பது புரதத்தையே அல்ல, சர்க்கரைச் சங்கிலியின் நுனியிலிருக்கும் சியாலிக் அமிலத்தின் ஒரு தனி வடிவத்தை. எச்கேயு1 அதோடு நிற்காமல் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற புரதத்தையும் பிடிக்கிறது என்று 2023-இல் தெரியவந்தது. கொழுப்பு உறை இருப்பதால் இவை உள்ளே போகும் விதமும் வேறு. கூர்முனை மடங்கி, வைரஸின் உறையும் செல்லின் சவ்வும் இரண்டு எண்ணெய்த் துளி சேர்வது போல ஒன்றாகக் கலந்துவிடும். கொழுப்பு உறையைச் சோப்பும் ஆல்கஹாலும் கரைத்துவிடும். உறையே இல்லாத ரைனோவைரஸிடம் ஆல்கஹால் கைசுத்திகரிப்பான் அவ்வளவு சாமர்த்தியம் காட்டாது. 

அடினோவைரஸ் இரண்டு கையால் பிடிக்கும். அதன் முனைகளிலிருந்து நீளும் தண்டுகளின் குமிழ் ஒரு புரதத்தைப் பிடிக்கும், தண்டின் அடிப்பகுதி இன்டெக்ரின் என்ற வேறொரு புரதத்தைப் பிடித்து உள்ளே போகும் வேலையைத் தொடங்கிவைக்கும். ஆர்எஸ்வியில் ஜி புரதம் ஒட்டுவதற்கு, எஃப் புரதம் சவ்வோடு கலப்பதற்கு. அந்த எஃப் புரதம் வகைக்கு வகை அதிகம் மாறாது. கலப்பதற்கு முன்னால் அது இருக்கும் வடிவத்தை அப்படியே நிலைநிறுத்தித்தான் 2023-இல் அங்கீகாரம் பெற்ற தடுப்பூசிகள் செய்யப்பட்டன.

அப்படியானால் ரைனோவைரஸுக்கு ஏன் இல்லை? 160 வகைக்கும் ஓட்டின் வெளிப்பக்கம் வேறு வேறு. ஒன்றுக்கு எதிராக உண்டான ஆன்டிபாடி பெரும்பாலும் மற்றொன்றைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் வாழ்நாள் முழுக்கச் சளி பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் பிடிக்கும் கைப்பிடிகள் மூன்றே மூன்று. அப்படியென்றால் கைப்பிடியை மறைத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். ஐகேம்-1-ஐ மூடினால் வெள்ளையணுக்கள் எதைப் பிடித்து நிற்கும்? சொந்த வேலை என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

அதனால் மாற்று வழிகளை முயன்றார்கள். ஒன்று, அந்தப் பொந்தில் கழலாத ஆப்பு ஒன்றை அடித்துவிடுவது. பிளகோனரில் என்ற மாத்திரை அப்படித்தான் வேலை செய்தது. பொந்துக்குள் இறுக உட்கார்ந்து ஓட்டைத் திறக்கவிடாமல் செய்யும், சில வகைகளில் அகழியின் தரையே மாறி ஒட்டுதலும் குறையும். சளி ஏறக்குறைய ஒரு நாள் சீக்கிரம் தீர்ந்தது. ஆனால் அது கல்லீரலின் நொதியைத் தூண்டிவிட்டு, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்தது. தானாகவே தீரும் ஒரு நோய்க்கு அந்த ஆபத்து வேண்டாம் என்று 2002-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தரவில்லை. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். துத்தநாக மாத்திரை அகழியை அடைத்துவிடும் என்றொரு கருத்து நெடுநாளாகச் சுற்றுகிறது. உடம்புக்குள் அப்படி நடப்பதாக யாரும் உறுதியாகக் காட்டவில்லை.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. செல்லின் கைப்பிடியை மூட வேண்டாம், போலிக் கைப்பிடிகளை மூக்குக்குள் தூவிவிடலாம் என்றார்கள். சவ்வில் ஊன்றும் வேரை வெட்டிவிட்ட, நீரில் கரையும் ஐகேம்-1. ட்ரெமகாம்ரா என்று பெயர். 1999-இல் வெளியான சோதனையில் தன்னார்வலர்களின் மூக்கில் வேண்டுமென்றே ரைனோவைரஸை விட்டுப் பார்த்தார்கள். வெற்று மருந்து பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்குச் சளி வந்தது, இதைப் பெற்றவர்களில் 44 சதவீதம் பேருக்கு. வந்தவர்களுக்கும் தொந்தரவு குறைவு. வேலை செய்தது, ஆனால் நாளுக்குப் பல முறை மூக்கில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் சளி தெரிவதற்கு முன்பே தொடங்கி. மூக்கொழுகல் தெரிவதற்குள் முதல் ஏற்றமெல்லாம் முடிந்துபோயிருக்கும். சந்தைக்கு அது வரவில்லை.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று: ஒட்டிய வைரஸ் மறுபடி கழன்று போகுமா? சர்க்கரையைப் பிடிக்கும் வைரஸ்களுக்கு இது ஒரு நிஜப் பிரச்சினை. அதே சர்க்கரை கோழையிலும் இருக்கிறது, அவை பிறந்த செல்லின் மேலும் இருக்கிறது. கழற்றத் தெரியாவிட்டால் பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கிடக்கும். அதனால் ஓசி43 தன் உறையில் கூர்முனையோடு, அந்தச் சர்க்கரையின் பிடிமானத்தை வெட்டும் ஒரு நொதியையும் சுமந்து வருகிறது. பாராஇன்ஃப்ளுயன்சாவில் பிடிப்பதும் வெட்டுவதும் ஒரே புரதம். ரைனோவைரஸிடம் அப்படிக் கத்தரி எதுவும் கிடையாது. ஐகேம்-1 திறந்துவிட்ட பிறகு, உள்ளே இழுக்கப்படும் முன்பே கழன்று விழும் ரைனோவைரஸ்களும் உண்டு. ஓட்டிலிருந்து விபி4 போயிருக்கும், அதனால் இன்னொரு செல்லில் ஏற அவற்றால் முடியாது. தூவிவிட்ட போலி ஐகேம்-1 பல வைரஸ்களைக் காலி செய்ததும் ஓரளவு இந்த வழியில்தான்: சவ்வு அருகிலேயே இல்லாத இடத்தில் ஓட்டைத் திறக்கவைத்துவிடுவது.